நாளைக்கு வைவா... என்ன சட்டை போடுவது? நான்கு மாத உழைப்பைப் பத்து நிமிடத்தில் சொல்லத் தயாராவது எப்படி?

இரவு ஒன்பது மணி. கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுகிறது. 'நாளை காலை 9 மணிக்கு புராஜெக்ட் வைவா. எல்லோரும் ஃபார்மல்ஸில் வர வேண்டும். ஷூ கட்டாயம்.'

அடுத்த நிமிடமே ஹாஸ்டல் வராந்தா கல்யாண வீடாகிவிடும். "மச்சான், பெல்ட் எக்ஸ்ட்ரா இருக்கா?", "எட்டாம் நம்பர் ஷூ யார்கிட்ட இருக்கு?", "அயர்ன் பாக்ஸ் எந்த ரூம்ல சுத்துது?" என்று குரல்கள். ஒரே ஒரு இஸ்திரிப் பெட்டிக்குப் பத்துப் பேர் வரிசை. நான்கு மாதமாகக் கண்விழித்துச் செய்த புராஜெக்ட் லேப்டாப்பில் தூங்கிக்கொண்டிருக்க, அதைச் செய்தவர்கள் நள்ளிரவு வரை கறுப்பு சாக்ஸ் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஏப்ரல், மே மாதம் வந்துவிட்டால் தமிழ்நாட்டின் பல பொறியியல் கல்லூரிகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கலை அறிவியல் கல்லூரிகளின் செமினார் நாள், எம்.பி.ஏ மாணவர்களின் பிரசன்டேஷன், முனைவர் பட்ட மாணவர்களின் வாய்மொழித் தேர்வு... எல்லாவற்றிலும் இதே கதைதான். காலையில் மேடையேறும்போது சட்டை பளபளவென்று இருக்கும். தூங்காத கண்களும் தடுமாறும் நாக்கும் வேறு கதை சொல்லும்.

உண்மையில், உடை என்பது பத்து நாள்களுக்கு முன்பே முடித்துவிட வேண்டிய வேலை. அப்போதுதான் கடைசி இரவு முழுவதும் பேச்சுக்குக் கிடைக்கும். அதற்குப் பெரிய செலவும் தேவையில்லை.

இது யாருடைய பத்து நிமிடம்?

'வைவா வோசி' என்பது லத்தீன் சொல். 'உயிருள்ள குரலால்' என்று பொருள். தாளில் எழுதியதை வாயால் சொல்லி, கேட்ட கேள்விக்கு அந்த இடத்திலேயே பதில் தருவதுதான் வைவா. விடைத்தாளை யாரோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் திருத்துவார். இங்கே எக்ஸ்டெர்னல் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

சில வீடுகளில் இது வெறும் தேர்வு அல்ல. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2021-22 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்தது. அப்போது முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் நான்கு வருடப் படிப்பை முடித்து, இறுதி வைவாவுக்கு நின்றது 2025-ல். அவர்களில் பலருக்கு, வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்களேதான். 'வைவாவுக்கு என்ன போட்டுட்டுப் போகணும்?' என்று கேட்க ஓர் அண்ணனோ அக்காவோ இல்லாத வீடுகள் அவை.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அந்தப் பணத்தில் பஸ்ஸும் ஜெராக்ஸும் போக, ஒரு ஜோடி ஷூ வாங்குவது சின்ன விஷயமில்லை. 'ஃபார்மல்ஸ் கட்டாயம்' என்ற சின்ன ஆணை போலத் தெரியும் அந்த வரி, சிலருக்கு ஒரு வாரத் தூக்கத்தைக் கெடுக்கும்.

எது ஃபார்மல்?

கோட், டை இருந்தால்தான் ஃபார்மல் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. மே மாத வெயிலில், ஏசி இல்லாத செமினார் ஹாலில், வாடகை பிளேசருக்குள் வியர்த்துக்கொண்டு நிற்கும் மாணவரைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

சென்னையில் 2014 ஜூலையில் நடந்த சம்பவம் பலருக்கு நினைவிருக்கும். வேட்டி கட்டிச் சென்றதற்காக, ஒரு கிரிக்கெட் கிளப் அரங்கில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்குள் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே அனுமதிக்கப்படவில்லை. பெரும் சர்ச்சையானது. அடுத்த மாதமே, கிளப், சங்கம் போன்ற இடங்களில் வேட்டி உள்ளிட்ட பாரம்பர்ய இந்திய உடைக்குத் தடை போடக் கூடாது என்று தமிழக சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

அதே 2014 செப்டம்பரில், மங்கள்யான் செவ்வாய்ச் சுற்றுப்பாதையை அடைந்ததை இஸ்ரோவில் பட்டுப்புடவையும் தலையில் பூவுமாகக் கொண்டாடிய பெண்களின் புகைப்படம் உலகம் முழுக்கச் சுற்றியது. 2019 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு வாங்க அபிஜித் பானர்ஜி வேட்டியிலும் எஸ்தர் டுஃப்லோ புடவையிலும் வந்தார்கள். நோபல் மேடைக்கே அது ஃபார்மல் என்றால், நம் செமினார் ஹாலுக்கு ஆகாதா என்ன?

அதற்காகத் துறை சுற்றறிக்கையில் 'பேன்ட், சட்டை, ஷூ' என்று தெளிவாக இருக்கும்போது வேட்டியில் போய் நின்று சண்டை போட வேண்டும் என்பதில்லை. முதலில் சுற்றறிக்கையைப் படிக்க வேண்டும். அதில் தெளிவில்லை என்றால், ஒரு வாரத்துக்கு முன்பே கைடிடமோ சீனியரிடமோ கேட்டுவிட வேண்டும். 'ஷூ இல்லை, மூடிய செருப்பு போதுமா சார்?' என்று முன்கூட்டியே கேட்பதில் எந்த வெட்கமும் இல்லை. வைவா வாசலில் நின்று கேட்பதுதான் சங்கடம்.

மற்றபடி ஃபார்மல் என்பதற்கு எளிய இலக்கணம் உண்டு. சுத்தமாக இருக்க வேண்டும். அளவாக இருக்க வேண்டும். பேசும்போது அதைப் பற்றிய நினைப்பே வரக் கூடாது. அவ்வளவுதான்!

அப்பாவின் சட்டை போதும்

சட்டை விஷயத்தில் விலையைவிட அளவுதான் முக்கியம். தோள்பட்டைத் தையல் தோளின் முனையில் நிற்க வேண்டும். அது கீழே தொங்கினால் எவ்வளவு விலை உயர்ந்த சட்டையும் இரவல் சட்டையாகத் தெரியும். மேல் பட்டனைப் போட்டபின் கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். முழுக்கை என்றால் மணிக்கட்டில் முடிய வேண்டும்.

அப்பாவின் நல்ல வெள்ளைச் சட்டை பீரோவில் இருக்கிறதா? தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்து இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துவிட்டால் புதுச்சட்டை தோற்றுவிடும். ஆனால், அந்தத் தையல்காரரிடம் போக வேண்டியது வைவாவுக்கு முந்தைய நாள் அல்ல. 'நாளைக்கு வாங்க தம்பி' என்பதுதான் அவருடைய வழக்கமான பதில் என்பது ஊருக்கே தெரியும்.

நிறத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. பதற்றத்தில் வியர்ப்பது இயல்பு. வெளிர் நீலம், சாம்பல் நிறச் சட்டைகளில் அக்குள் ஈரம் பளிச்சென்று தெரியும். வெள்ளையிலும் அடர் நீலத்திலும் அவ்வளவாகத் தெரியாது. உள்ளே ஒரு பருத்தி பனியன் போட்டுக்கொண்டால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. பாலியஸ்டர் கலந்த துணி கசங்காதுதான். ஆனால், நம் ஊர் வெயிலில் அது உடம்பை வேகவைத்துவிடும். ஆன்லைனில் பேசுவதென்றால் நெருக்கமான கோடு போட்ட சட்டையைத் தவிர்ப்பது நல்லது. கேமராவில் அந்தக் கோடுகள் அலை அலையாக ஆடும்.

அடுத்தது ஷூ. கணிதமேதை ராமானுஜன் 1914-ல் இங்கிலாந்து போனபோது அவரைப் பாடாய்ப்படுத்திய விஷயங்களில் ஷூவும் ஒன்று என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். செருப்புப் பழகிய கால் அது. இன்றைக்கும் புது ஷூ முதல் நாளே குதிகாலைக் கடிக்கும். காலையில் கடித்த கால், மதியம் எக்ஸ்டெர்னல் கேள்வி கேட்கும்போது பதிலை யோசிக்க விடாது. எனவே, இரவலோ புதுசோ, நான்கு நாள்களுக்கு முன்பே வாங்கி, மாலையில் ஒரு மணி நேரமாவது வீட்டுக்குள் போட்டு நடந்து பழக வேண்டும். பெல்ட்டும் ஷூவும் ஒரே நிறத்தில் இருந்தால் பார்க்க எடுப்பாக இருக்கும். பழைய ஷூவாக இருந்தாலும் பாலிஷ் போட்டால் மரியாதை வந்துவிடும்.

துப்பட்டாவும் காலர் மைக்கும்

மாணவிகளுக்கு உடை பற்றிய அறிவுரை எப்போதுமே கொஞ்சம் அதிகமாகக் கிடைக்கும். 'இப்படிப் போடாதே, அப்படி வராதே' என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். ஆனால், மேடையில் உண்மையிலேயே உதவும் விஷயங்களை யாரும் சொல்வதில்லை.

உதாரணத்துக்கு, காலர் மைக். அதைச் சட்டைக்காரர்கள் காலரில் மாட்டி, பெட்டியை பெல்ட்டில் செருகிக்கொள்வார்கள். பாக்கெட்டே இல்லாத குர்தாவில் அந்தப் பெட்டியை எங்கே வைப்பது? மேடையில் போய் இதை யோசித்தால் அங்கேயே முகம் சிவந்துவிடும். பாக்கெட் வைத்த குர்தாவோ, இடுப்பில் செருக வசதியான புடவையோ இருந்தால் கவலை இல்லை. முடியாதென்றால் கை மைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் செய்துவிட்டால் போர்டைக் காட்டக் கை தூக்கும்போது சரியாது. புடவை என்றால் ஏற்கெனவே இரண்டு மூன்று முறை கட்டிப் பழகிய புடவையாக இருக்கட்டும். புதுப்பட்டு நழுவும். பருத்தியும் கைத்தறியும் நிற்கும். கண்ணாடி வளையல் மேஜையில் உரசும் சத்தம் மைக்கில் கணீரென்று கேட்கும் என்பதால் அன்றைக்கு மட்டும் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். பொட்டு, விபூதி, ஹிஜாப், தலையில் பூ... இவையெல்லாம் அவரவர் அடையாளம். எக்ஸ்டெர்னல் மதிப்பெண் போடுவது புராஜெக்ட்டுக்கு. கைப்பையில் இரண்டு சேஃப்டி பின்னும் ஒரு கைக்குட்டையும் இருந்தால் பாதி ஆபத்துகளைச் சமாளித்துவிடலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நான்கு பேர் குழுவில் வரவேற்புரையும் நன்றியுரையும் மாணவிக்கு, சர்க்யூட்டும் கோடிங்கும் மாணவர்களுக்கு என்று பிரித்துக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கோடிங் எழுதியதே அந்த மாணவியாக இருக்கும்! யார் எதைச் செய்தார்களோ அவர்களே அதைப் பேசுவதுதான் நியாயம். புத்திசாலித்தனமும்கூட. ஏனென்றால், ஓரமாக அமைதியாக நிற்பவரைப் பார்த்துத்தான் எக்ஸ்டெர்னல் முதல் கேள்வியைக் கேட்பார்.

முதல் பார்வையாளர் அம்மா

உடை முடிந்தது. இனி பேச்சு. இதற்கு வீட்டிலேயே ஒரு நல்ல பரீட்சை உண்டு. புராஜெக்ட்டை அம்மாவிடமோ பாட்டியிடமோ தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும்.

'மண்ணில் ஈரம் குறைஞ்சா மோட்டார் தானா ஓடும். ஈரம் போதும்னா தானா நிக்கும். அதுக்குத்தான் இந்த சென்சார்' என்று சொன்னால், வயலுக்குப் போய் வந்த பாட்டி சும்மா இருக்க மாட்டார். 'கரன்ட் போயிடுச்சுன்னா?' என்று கேட்பார். 'மழை வந்தா?' என்பார். 'சேறு அப்பிக்கிட்டா அந்தக் கருவி சரியா சொல்லுமா?' என்பார். எக்ஸ்டெர்னல் கேட்கப்போகும் கேள்விகளும் பெரும்பாலும் இவைதான். ஆங்கிலத்தில் கேட்பார், அவ்வளவுதான் வித்தியாசம். பாட்டிக்குப் புரியவைக்க முடியவில்லை என்றால், சொல்பவருக்கே இன்னும் முழுதாகப் புரியவில்லை என்று அர்த்தம்.

பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான். கடைசி நேரத்தில் கடைக்கு ஓடிப் புதுச்சட்டை வாங்குவதைவிட, பத்து நிமிடம் டிவியை அணைத்துவிட்டு, 'சொல்லு, கேட்போம்' என்று உட்கார்வது பல மடங்கு மேல். புரியாவிட்டாலும் பரவாயில்லை. புரியாத இடத்தில் 'புரியலையே' என்று சொன்னால் போதும்.

தமிழில் தெளிவாகிவிட்டால் ஆங்கிலத்துக்கு மாற்றுவது எளிது. தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் செய்யும் பொதுவான தவறு, பத்து நிமிடப் பேச்சையும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்வது. நடுவில் ஒரு சொல் மறந்தால் மொத்தச் சங்கிலியும் அறுந்துவிடும். முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி இரண்டு வாக்கியங்களையும் மட்டும் மனப்பாடம் செய்யலாம். நடுவில் இருப்பவற்றைக் குறிப்புகளாக வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன வாக்கியங்களில் பேசினால் போதும். இலக்கணம் கொஞ்சம் இடறினாலும் எக்ஸ்டெர்னலுக்கு விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

நிமிடத்துக்கு ஆங்கிலத்தில் 120 முதல் 150 சொற்கள் பேசுவது வழக்கமான வேகம். பதற்றத்தில் வேகம் கூடும். மொபைலில் டைமர் வைத்து, நின்றுகொண்டு, சத்தமாகப் பேசிப் பார்க்க வேண்டும். அதில் ஒருமுறையாவது வைவாவுக்குப் போடப்போகும் அதே உடை, அதே ஷூவோடு பேச வேண்டும். கை தூக்கினால் சட்டை வெளியே வருகிறதா, பேன்ட் இறுக்குகிறதா, ஷூ வழுக்குகிறதா என்பதெல்லாம் அந்த ஒத்திகையிலேயே தெரிந்துவிடும். மொபைலிலேயே வீடியோ எடுத்துப் பார்த்தால் 'ஆக்சுவலி' எத்தனை முறை வருகிறது என்ற கணக்கும் கிடைக்கும்.

ஸ்லைடு பேசக் கூடாது

பவர்பாயின்ட் 1987-ல் விற்பனைக்கு வந்தபோது அது ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினிக்கான மென்பொருள். அதே ஆண்டில் அதை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அன்று முதல் இன்று வரை மாறாத தவறு ஒன்று உண்டு. ரிப்போர்ட்டில் இருக்கும் பத்தியை அப்படியே ஸ்லைடில் ஒட்டி, சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசிப்பது!

முதலீட்டாளர் கய் கவாஸாகி சொன்ன 10-20-30 விதி பிரபலமானது. 10 ஸ்லைடு, 20 நிமிடம், எழுத்தின் அளவு 30-க்குக் குறையக் கூடாது. தொழில் தொடங்குபவர்களுக்குச் சொன்னதுதான் என்றாலும், மாணவர்களுக்கும் பொருந்தும். பத்து நிமிடப் பேச்சென்றால் ஸ்லைடுகளை இன்னும் குறைக்கலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-ல் 'மூன்று நிமிட ஆய்வேடு' என்ற போட்டியைத் தொடங்கியது. பல ஆண்டு ஆராய்ச்சியை மூன்றே நிமிடத்தில், ஒரே ஒரு ஸ்லைடை வைத்துச் சொல்ல வேண்டும். இன்று பல நாடுகளில் நடக்கிறது. அவர்களுக்கு ஒரு ஸ்லைடு போதும் என்றால், இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு நாற்பது எதற்கு?

சில சின்ன எச்சரிக்கைகள். பழைய தமிழ் எழுத்துருவில் செய்த ஸ்லைடு, அந்த எழுத்துரு இல்லாத கல்லூரிக் கணினியில் புரியாத கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடில் செய்து, பி.டி.எஃப் பிரதி ஒன்றையும் வைத்துக்கொள்ள வேண்டும். பென்டிரைவில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று இருக்கட்டும். லேப்டாப்பை புரொஜெக்டரோடு இணைக்கும் கேபிள் பொருந்துகிறதா என்று முந்தைய நாளே பார்க்க வேண்டும். நேற்று வரை சமர்த்தாக ஓடிய கருவி எக்ஸ்டெர்னலைப் பார்த்ததும் படுத்துக்கொள்வது வழக்கம். அது ஓடும்போதே ஒரு நிமிட வீடியோ எடுத்து வைத்திருந்தால் மானம் தப்பும்.

எல்லோரும் நம்மையே பார்க்கிறார்களா?

'சட்டையில் சின்னக் கறை இருக்கே', 'ஷூ பழசாத் தெரியுமே', 'என் கை நடுங்குறதை எல்லாரும் பார்ப்பாங்களே'... மேடையேறும் முன் மனசுக்குள் ஓடும் படம் இது.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவரது குழுவினரும் செய்து, 2000-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நல்ல பதில். போட்டுக்கொள்ளக் கூச்சப்படும் படம் போட்ட டி-ஷர்ட்டை ஒரு மாணவருக்கு அணிவித்து, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். 'எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?' என்று கேட்டால், கிட்டத்தட்டப் பாதிப் பேர் என்று டி-ஷர்ட் போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான்!

பதற்றமும் அப்படித்தான். பேசுபவருக்குள் இடிக்கும் இதயம் வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை. சவிட்ஸ்கி, கிலோவிச் இருவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், 'உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு மற்றவர்களுக்குத் தெரியாது' என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட மாணவர்கள், மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். ஹார்வர்டின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வும் சுவாரஸ்யமானது. 'பயப்படாதே, அமைதியாக இரு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டவர்களைவிட, 'உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களின் பேச்சு எடுபட்டது. படபடப்பை அடக்கப் போராடுவதைவிட, அதை உற்சாகமாக மாற்றிக்கொள்வது எளிது.

கோட்டுக்குள் ஒளிய முடியாது

இவ்வளவு தயாரிப்பும் ஒரே ஒரு இடத்தில் உதவாது. காசு கொடுத்து வாங்கிய புராஜெக்ட்!

நகரங்களில் 'இறுதியாண்டு புராஜெக்ட் செய்து தரப்படும்' என்ற போர்டுகளைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. பணம் கட்டினால் கருவி, ரிப்போர்ட், ஸ்லைடு எல்லாம் கைக்கு வந்துவிடும். ஆனால், 'இந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?', 'இந்த வரியை ஏன் எழுதினீர்கள்?' என்று எக்ஸ்டெர்னல் கேட்கும்போது வாடகை கோட் வாய் திறக்காது. சொந்தமாகச் செய்து, பாதியில் நின்றுபோன புராஜெக்ட்டுக்குக்கூட 'இதுவரை வந்தேன், இந்த இடத்தில் சிக்கினேன், காரணம் இது' என்று சொல்ல ஒரு கதை இருக்கும். அந்தக் கதைக்கு மதிப்பு உண்டு. தெரியாத கேள்விக்குத் 'தெரியவில்லை சார், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்பது கௌரவமான பதில். கேள்வியே புரியவில்லை என்றால் 'இன்னொரு முறை கேளுங்கள் மேடம்' என்று சொல்லலாம். அடித்துவிடுவதுதான் ஆபத்து.

அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில் படித்தபோது நடந்தது, 'அக்னிச் சிறகுகள்' படித்தவர்களுக்குத் தெரியும். அங்கே சேரப் பணமில்லாமல் நின்றபோது, தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகுவைத்துக் கொடுத்தவர் அவருடைய சகோதரி ஜோஹரா. படிப்பின் இறுதியில் விமான வடிவமைப்பு புராஜெக்ட். அதைப் பார்த்த பேராசிரியர் சீனிவாசனுக்குத் திருப்தியில்லை. மூன்று நாள்களில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நிற்கும் என்று சொல்லிவிட்டார். உதவித்தொகை நின்றால் படிப்பே நின்றுவிடும். கலாம் இரவு பகலாக வரைபலகையோடு உட்கார்ந்து முடித்துக்காட்ட, பேராசிரியர் கட்டிக்கொண்டு பாராட்டினார். அந்த அறையில் கலாம் என்ன சட்டை போட்டிருந்தார் என்று யாருக்கும் நினைவில்லை. அவர் வரைந்தது மட்டும் நினைவில் நிற்கிறது.

முந்தைய இரவு என்ன செய்யலாம்?

* சட்டை, பேன்ட், உள்ளாடை, சாக்ஸ், பெல்ட், கைக்குட்டை எல்லாவற்றையும் மாலையிலேயே இஸ்திரி போட்டு ஓரிடத்தில் மாட்டிவிடலாம். காலையில் கரன்ட் இல்லாமல் போகலாம்.

* பட்டன் எல்லாம் இருக்கின்றனவா, ஜிப் சரியாக ஓடுகிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று ஒரு பார்வை.

* ஐ.டி கார்டு, ஹால் டிக்கெட், பைண்டு செய்த ரிப்போர்ட், பென்டிரைவ், சார்ஜர், தண்ணீர் பாட்டில் பைக்குள் போகட்டும்.

* ஒரே ஒரு முறை, டைமர் வைத்து முழுப் பேச்சு. அதற்குமேல் வேண்டாம்.

* பதினொரு மணிக்குள் தூக்கம். புதிய ஸ்லைடு சேர்க்கும் ஆசை வந்தால் லேப்டாப்பை மூடிவிடுவது உத்தமம்.

* காலையில் இட்லியோ கஞ்சியோ, வயிறு லேசாக நிறையும் அளவுக்கு. சாப்பிட்ட பிறகு சட்டை மாற்றினால் சாம்பார் கறை பயம் இல்லை.

* பஸ்ஸில் போகிறவர்கள் வழக்கமான பஸ்ஸுக்கு முந்தைய பஸ். நெரிசலில் கசங்கும் என்று பயந்தால், சட்டையை ஹேங்கரோடு எடுத்துச்சென்று கல்லூரியில் மாற்றிக்கொள்ளலாம்.

வகுப்பில் யாரிடமாவது ஷூ இல்லை, நல்ல சட்டை இல்லை என்பது நண்பர்களுக்குத்தான் முதலில் தெரியும். வைவா எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. முதல் குழுவில் முடித்து வெளியே வந்தவரின் ஷூ, நான்காவது குழுவில் உள்ளே போகிறவரின் காலில் ஏறுவது கல்லூரிகளில் சத்தமில்லாமல் நடக்கும் விஷயம். 'இந்தா, போட்டுட்டுப் போ' என்று கொடுப்பவர் அதைப் பற்றி அப்புறம் பேச மாட்டார். வாங்கியவர் மறக்க மாட்டார்.

வைவா முடிந்து மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் 'மார்க் எவ்வளவு வரும்?' என்று கேட்கத்தான் வாய் வரும். அதற்கு முன், 'பாட்டி கேட்ட அந்தக் கேள்வியைக் கேட்டாங்களா?' என்று கேட்டுப் பார்க்கலாம். சட்டையைக் கழற்றி ஹேங்கரில் மாட்டுவதற்குள் அந்தப் பத்து நிமிடக் கதை முழுவதும் வெளியே வந்துவிடும். இந்த முறை தமிழில், தடுமாறாமல்!